தளர்ந்த முடிச்சு

முந்தானை முடிச்சில் காசை முடிந்துகொண்டு சந்தைக்குச் சென்ற நம் பாட்டிமார், தாமே அவிழ்த்தாலன்றி அக்காசு வெளியே வராது என்று அறிந்திருந்தனர். பின்னர் வங்கி அட்டை வந்தது. அதற்கும் ஒரு முடிச்சு இருந்தது; நான்கு இலக்க ரகசிய எண்ணே அது. இன்று நம் இல்லங்களில் புழங்கும் அட்டைகள் பலவற்றில் அந்த முடிச்சும் தளர்ந்துவிட்டது. கடைக்காரரின் இயந்திரத்தருகே அட்டையைக் காட்டினால் போதும். எண் எதுவும் கேளாமலே பணம் சென்றுவிடுகிறது. நம்மிடம் இருப்பது அத்தகைய அட்டைதானா என்பதைக்கூட நம்மில் பலர் கவனித்ததில்லை. அட்டையின்மீது அலைபோல் நான்கு வளைகோடுகள் அச்சிடப்பட்டிருந்தால் அது அவ்வகையைச் சேர்ந்தது.

2015-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி இம்முறைக்கு இசைவு அளித்தபோது, ரகசிய எண்ணின்றி ஒரு முறைக்கு ரூ. 2,000 வரை செலுத்தலாம் என்று வரம்பு வைத்தது. 2021 ஜனவரி 1 முதல் அவ்வரம்பு ரூ. 5,000 ஆக உயர்ந்தது. வசதி படைத்தோர்க்கு இது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைக்குச் சென்று வரும் ஒரு மகளுக்கோ, ஜவ்வாது மலைமீதுள்ள புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கி வந்து வீட்டுச் சாமான் வாங்கும் ஒரு குடும்பத்திற்கோ அது பல நாள் உழைப்பு. எனவே இதனைப் பற்றி அஞ்சாமலும் அசட்டை செய்யாமலும் சற்றே ஆய்ந்து பார்ப்பது நம் கடமை.

அட்டையினுள் மின்கலம் எதுவும் இல்லை. சிறு சில்லும், அதனைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருளும் மட்டுமே உள்ளன. இயந்திரத்திலிருந்து எழும் வானொலி அலையே அச்சில்லுக்கு உயிரூட்டுகிறது. இயந்திரம் சில செண்டிமீட்டர் தூரத்தில் இருந்தால்தான் இது நடைபெறும். ஒவ்வொரு முறையும் சில்லு புதியதொரு மறைகுறியீட்டை உண்டாக்கி அனுப்புகிறது. ஒரு முறை பயன்பட்ட குறியீடு மறுமுறை செல்லாது. ஆகவே ஒருவர் அதனைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டாலும், அதைக் கொண்டு அட்டையின் நகல் ஒன்றைச் செய்து பணம் எடுத்தல் எளிதன்று.

இவ்வாறிருக்க, நெரிசலான பேருந்தில் இயந்திரத்தை மறைத்து வைத்துக்கொண்டு திருடன் நம் சட்டைப்பையை உரசிச் செல்வான் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. அப்படிப் பணம் எடுப்பதற்கு அவன் ஒரு வங்கியில் வணிகராகப் பதிவு செய்து இயந்திரம் பெற்றிருக்க வேண்டும். எடுத்த பணமும் அவ்வணிகரின் கணக்கிற்கே சென்று சேரும். தன் முகவரியை எழுதி வைத்துவிட்டுத் திருடுவதற்கு ஒப்பானது அது.

2022 ஜூன் மாதத்தில் காணொளி ஒன்று நாடெங்கும் பரவியதை வாசகர்கள் நினைவுகூரலாம். காரின் கண்ணாடியைத் துடைக்கும் சிறுவன் தன் கைக்கடிகாரத்தால் ஃபாஸ்டாக் வில்லையிலிருந்து பணத்தை உறிஞ்சிவிட்டான் என்பது அதன் கதை. பதிவு பெற்ற சுங்கச்சாவடி போன்ற வணிகரன்றி வேறெவரும் அதிலிருந்து பணம் பெற இயலாது. அக்காணொளி பொய்யானது என்று தேசியப் பணப்பரிமாற்றக் கழகமான என்.பி.சி.ஐ. விளக்கியது. வாணியம்பாடிச் சுங்கச்சாவடியை நாளும் கடந்து செல்லும் நம்மவர் பலரும் அதை நம்பிப் பிறருக்கு அனுப்பியிருக்கக்கூடும். வீண் அச்சம் உண்மையான ஆபத்தினின்று நம் கண்ணைத் திருப்பிவிடுகிறது.

உண்மையான ஆபத்துகள் யாவை? முதலாவது, அட்டையைத் தொலைத்துவிடுதல். கண்டெடுத்தவர்க்கு ரகசிய எண் தேவையில்லை. வங்கிக்கு நாம் அறிவிக்கும் வரை கடைக்குக் கடை தட்டிச் செல்லலாம். இரண்டாவது, இயந்திரத்தில் எழுதப்பட்ட தொகையைப் பாராமல் அட்டையை நீட்டுதல். ரூ. 400 ரூ. 4,000 ஆனாலும் இயந்திரம் அதே ஓசையைத்தான் எழுப்பும். மூன்றாவது, அட்டையின் எண்ணும் காலாவதித் தேதியும் அருகில் வைக்கப்படும் ஒரு கைப்பேசிக்கே கிட்டிவிடக்கூடும் என்பது. 2006-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளரும் பிறரும் அக்கால அமெரிக்க அட்டைகளைச் சோதித்தபோது, உடையவரின் பெயரும்கூட வெளிப்பட்டது. நம் நாட்டு இணையக் கடைகளில் பொதுவாக ஓ.டி.பி. கேட்கப்படுவதால் எண் மட்டும் கிடைத்துப் பயனில்லை; அயல்நாட்டுக் கடைகள் பலவற்றில் அக்காவல் இல்லை. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பதனிட்ட உயர்ந்த தோலால் பணப்பை செய்தாலும் அது இவ்வலையைத் தடுக்காது. உலோகத் தாள் தடுக்கும்.

நான்காவதே மிகவும் கொடியது. 2024-இல் செக் நாட்டு வங்கி வாடிக்கையாளர் சிலரிடம், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக் கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவச் செய்தனர் மோசடிக்காரர். பின்னர் அட்டையைக் கைப்பேசியின் முதுகில் வைத்து ரகசிய எண்ணையும் பதியுமாறு பணித்தனர். அட்டையின் செய்தி அக்கணமே வேறிடத்தில் இருந்த திருடனின் கைப்பேசிக்குச் சென்றது, அவன் ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தான். அட்டையோ உடையவரின் கையிலேயே இருந்தது! இணையப் பாதுகாப்பு நிறுவனமான எசெட் இதனை வெளிப்படுத்தியது. அட்டையைக் கைப்பேசிமீது வைக்கச் சொல்லித் தொலைபேசியில் எவர் கூறினும், அவர் நம்பத்தக்கவர் அல்லர் என்று கொள்க.

பணத்தைப் போன்றே அந்தரங்கமும் காக்கப்பட வேண்டியது. நோட்டுக்கு நினைவில்லை, அட்டைக்கு உண்டு. எந்த மருந்துக் கடையில், எந்த நாளில், எவ்வளவு என்பது வங்கியின் ஏட்டில் பதிவாகிறது. வீட்டிலும் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. தாயின் கணக்கிற்கு மகனின் கைப்பேசி எண்ணைப் பதிந்திருந்தால், அவள் வாங்கும் ஒவ்வொரு பொருளும் அவன் கண்ணுக்குத் தெரியும். அவளுக்கோ ஒன்றும் தெரியாது. அவளிடம் கைப்பேசி இருக்குமாயின், அவள் எண்ணே அவள் கணக்கில் இருத்தல் முறை.

இனிச் செய்யத்தக்கவை. 2020 ஜனவரி 15 அன்று ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணையின்படி, தட்டிச் செலுத்தும் வசதியையும், இணைய, அயல்நாட்டு வசதிகளையும் நாமே நிறுத்தவும் தொடங்கவும், தொகைக்கு வரம்பு வைக்கவும் வங்கிகள் வழி செய்தல் வேண்டும். வங்கியின் செயலியிலோ கிளையிலோ இதனைச் செய்துகொள்ளலாம். தேவையற்றதை நிறுத்துக, தேவையெனில் வரம்பைக் குறைத்திடுக. கடையில் தொகையைப் படித்த பின்னரே அட்டையைக் காட்டுக. அதனைப் பிறர் கையில் கொடாதீர்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. 2017 ஜூலை 6-ஆம் நாள் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, நம் தவறோ வங்கியின் தவறோ இன்றிப் பணம் பறிபோயின், வங்கியின் செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் நமக்கு இழப்பே இல்லை என்று வகுத்தது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் எனில், சாதாரணச் சேமிப்புக் கணக்கினர் ரூ. 10,000 வரை பொறுக்க நேரும். அதற்கும் பிந்தினால், வங்கியின் கொள்கையைப் பொறுத்ததாகிவிடும். ரகசிய எண்ணை நாமே வெளியிட்டிருந்தால், அறிவிக்கும் வரையான இழப்பு நம்முடையதே. அறிவித்த பின் நேர்வது வங்கியைச் சாரும். விதிகள் திருத்தப்படுபவை, இன்றைய நிலையை நம் வங்கியிடம் கேட்டறிதல் நலம். எவ்விதியாயினும் விரைந்து சொன்னவர்க்கே அது துணை நிற்கும்.

ஆனால் நம் வீடுகளில் நிகழ்வது என்ன? ஏமாந்த முதியவர் மகனின் ஏச்சுக்கு அஞ்சி வாய்மூடி இருக்கிறார். மனைவி கணவனின் சினத்துக்கு அஞ்சிக் குறுஞ்செய்தியை அழித்துவிடுகிறாள். பிள்ளை அட்டையைத் தொலைத்ததை மறைக்கிறான். அந்த மூன்று நாட்களும் மௌனத்திலேயே கழிந்துவிடுகின்றன. திருடன் எடுத்தது பணத்தை. அதைத் திரும்பப் பெறும் வழியை அடைத்தது நம் கடுஞ்சொல்.

ஆதலின் பெற்றோரே, பிள்ளைகளே, இன்றிரவு உணவுக்குப்பின் வீட்டிலுள்ள அட்டைகளை எடுத்து ஒன்றாகப் பாருங்கள். வங்கியின் தொலைபேசி எண்ணையும், இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐயும் சுவரில் எழுதி வையுங்கள். ‘எது நேர்ந்தாலும் உடனே சொல்லுங்கள், எவரும் கடிந்துகொள்ள மாட்டோம்’ என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைச் சோதனை வரும் நாளில் காப்பாற்றுங்கள்.