வராத நாட்களின் பாடம்



விருத்தாசலத்து செராமிக் தொழிலாளிகளைக் கேட்டால் சொல்வார்கள்: வெள்ளைப் பொருளுக்கு இரும்புதான் பகை. களிமண்ணில் அது கொஞ்சம் கூடினாலும் சூளையில் வெந்து வரும்போது கறை தெரிந்துவிடும். அதனால்தான் பீங்கான் ஆலைகளில் கரைத்த மண்ணைக் காந்தம் வைத்து வடிக்கிறார்கள். தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைக்கும் இரும்புதான் பகை. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினால்தான் அந்தக் குழந்தை நடமாட முடியும். ஏற்றுகிற ஒவ்வொரு யூனிட்டோடும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற உடம்புக்குத் தானாக வழி கிடையாது. இதயத்திலும் கல்லீரலிலும் சுரப்பிகளிலும் படிந்துவிடும்.

ஒரு காலத்தில் இந்த இரும்பை வெளியேற்ற ஊசி ஒன்றே வழி. வயிற்றுத் தோலுக்கடியில் செருகி, சிறு பம்பில் இணைத்து, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம்; வாரத்தில் ஐந்து இரவாவது. பிள்ளை புரண்டு படுக்க முடியாது, தாய்க்கும் தூக்கம் இல்லை. இப்போது தினம் ஒருவேளை சாப்பிடும் மாத்திரை வந்துவிட்டது. ஒழுங்காக ரத்தமும் மருந்தும் கிடைத்தால் இந்தக் குழந்தைகள் வளர்ந்து, படித்து, வேலைக்கும் போகிறார்கள்.

அப்படியானால் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும் அல்லவா? இதைக் கேட்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் வார்னி உருவாக்கிய 23 கேள்விகள் கொண்ட படிவம் உலகெங்கும் பயன்படுகிறது. உடல், மனம், நட்பு, பள்ளி என்று அது விசாரிக்கிறது. பள்ளியைப் பற்றிய ஐந்து கேள்விகளில் இரண்டு, வராமல் போன நாட்களைப் பற்றியவை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் என்றால் ஆண்டுக்கு 17 தடவை. விருத்தாசலத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வரை போய்வரும் குடும்பத்துக்கு ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்குப் பாடம் போகும், அப்பாவுக்குக் கூலி போகும். ஹீமோகுளோபின் அளவை மட்டும் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடுவது நியாயமில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவையும் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்காத பெற்றோர் உடனே வாங்குங்கள்.

சொந்தத்தில் பெண் எடுக்கும் வீடுகளுக்கு இன்னொன்று. கணவன், மனைவி இருவரும் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு இந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. சுமப்பவர் பெரும்பாலும் நோயாளியாகத் தெரியமாட்டார். கல்யாணத்துக்கு முன்பே ஹெச்பிஏ2 என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

மே 8 உலக தலசீமியா நாள். கல்லூரிகள் மூடி, ரத்த முகாம்கள் குறைந்துபோகும் மாதம் அது. 18 வயது நிரம்பி, 45 கிலோ எடையும் உடல்நலமும் உள்ளவர்கள் அந்த மாதத்தில் ஒருமுறை ரத்தம் கொடுங்கள். ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், அது வராத நாளின் பாடத்தை எழுதி எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்