தோற்ற பலகையை உடனே மூடாதீர்கள்



சில மாதங்களுக்கு முன்பு, பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு வீட்டைச் சந்திக்கச் சென்றிருந்தேன். குடும்பத் தலைவர் அங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறவர். இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாரில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மலையிறங்கி வந்த குடும்பம் அது. நான் உள்ளே நுழைந்தபோது பதினொரு வயது மகன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சதுரங்கப் பலகை கட்டிலின் அடியில் கிடந்தது. காய்கள் அறையெங்கும் சிதறியிருந்தன.

விசாரித்தேன். லயத்தில் தாத்தாவிடம் ஆட்டம் கற்றவன் அவன். அங்கே அவனை வெல்ல ஆளில்லை. இங்கு வந்தபின் முதன்முறையாக ஒரு போட்டிக்குச் சென்றிருக்கிறான். ஆறு ஆட்டங்கள், ஆறிலும் தோல்வி. திரும்பி வரும் வழியில் பேருந்தில் தகப்பனார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: "மலையிலிருந்து வந்த நமக்கு இதெல்லாம் ஒத்துவராது. விட்டுவிடு."

பிள்ளையைப் படுக்கையில் தள்ளியது ஆறு தோல்விகளைக் காட்டிலும் அந்த ஒரு வார்த்தையே என்று எனக்குத் தோன்றியது. நகரத்திற்குப் புதிதாய் வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இந்த வார்த்தை ஒலிக்கிறது. ஆகவே இம்மாதம் சதுரங்கத்தில் தோற்பதைப் பற்றியே எழுதத் துணிகிறேன்.

இந்த ஆட்டத்தில் தோல்வி ஏன் அதிகம் வலிக்கிறது?

"பாஸ்டர், இதுவும் சூதாட்டம்தானே?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. சதுரங்கத்தில் தாயமும் இல்லை, சீட்டும் இல்லை, பந்தயப் பணமும் இல்லை. பாலக்காட்டை அடுத்த திருச்சூர் மாவட்டத்தில் மரோட்டிச்சால் என்றொரு சிற்றூர் உண்டு. ஒரு காலத்தில் சாராயமும் சூதாட்டமும் அவ்வூரைச் சீரழித்தன. தேநீர்க்கடை நடத்திய உண்ணிகிருஷ்ணன் என்பவர் தாம் கற்ற சதுரங்கத்தைக் கடைக்கு வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். குடியிலிருந்து பலரை மீட்ட ஊர் என்று இன்று அது நாடெங்கும் பேசப்படுகிறது.

அதிர்ஷ்டத்திற்கு இடமில்லாத ஆட்டம் என்பதாலேயே அதன் தோல்வி கசக்கிறது. கிரிக்கெட்டில் ஆடுகளத்தைக் குறைகூறலாம். சீட்டில் கையைக் குறைகூறலாம். இங்கே பலகையில் நடந்தவை அனைத்தும் நம் கையால் நடந்தவை. ஆகவே தோற்றவன், "எனக்கு அறிவில்லை" என்று எளிதில் முடிவுகட்டிவிடுகிறான்.

அந்த முடிவு தவறு என்பதைக் கணக்கே காட்டுகிறது. சதுரங்க வீரர்களின் பலத்தை அளக்க ஈலோ என்ற தரப்புள்ளி முறை உண்டு. எதிராளியைவிட 200 புள்ளிகள் குறைவாக உள்ளவர், 100 ஆட்டங்கள் ஆடினால் ஏறத்தாழ 24 புள்ளிகளே எடுப்பார் என்பது அதன் எதிர்பார்ப்பு. 400 புள்ளிகள் குறைவானால் பத்துக்கும் குறைவு. பயிற்சிக் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் ஆடிய பிள்ளைகளுக்கு எதிரே, தாத்தாவிடம் மட்டும் ஆடிய பிள்ளை ஆறு ஆட்டம் தோற்றது இயல்பான விளைவு. அது அறிவின் அளவன்று, பழக்கத்தின் அளவு.

கடைசி இடத்தில் வந்த முதல் வீரர்

நம் தமிழ்நாட்டு மேனுவல் ஆரோன் அவர்களை எண்ணிப் பாருங்கள். 1961-ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். ஒன்பது முறை தேசியச் சாம்பியன். அவர் 1962-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகத் தகுதிப் போட்டிக்குச் சென்றார். பாபி ஃபிஷர் முதலிடம் பெற்ற போட்டி அது. 23 பேர் ஆடினர். ஆரோன் அவர்களுக்குக் கிடைத்தது கடைசி இடம்.

ஆனாலும் அதே போட்டியில் ஹங்கேரியின் போர்டிஷ், கிழக்கு ஜெர்மனியின் உல்மான் என்ற இரு கிராண்ட்மாஸ்டர்களை அவர் வென்றார். தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தவர் மறுநாளும் பலகையின் முன் அமர்ந்ததாலேயே அவ்விரு வெற்றிகளும் கிடைத்தன. பின்பு 1972-இல் சென்னையில் தால் சதுரங்கக் கழகம் உருவாக அவர் காரணமாயிருந்தார். சிறுவனாயிருந்த விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகியது அக்கழகத்தில்தான். ஸ்டாக்ஹோமோடு அவர் பலகையை மூடிவைத்திருந்தால் இழப்பு அவருக்கு மட்டுமா?

அண்மைக் காலத்திலும் பாருங்கள். சென்னையின் குகேஷ் 2024-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டத்திற்காக டிங் லிரெனை எதிர்த்து ஆடியபோது, வெள்ளைக் காய்களுடன் ஆடிய முதல் ஆட்டத்திலேயே தோற்றார். பதினோராவது ஆட்டத்தில் வென்று முன்னிலை பெற்றவர், அடுத்த ஆட்டத்திலேயே மீண்டும் தோற்றார். டிசம்பர் 12 அன்று பதினான்காவது ஆட்டத்தை வென்று, பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனானார். இரண்டு தோல்விகளும் அந்த வெற்றிப் பாதையிலேயே கிடந்தன.

ஆறு தவறுகளா, ஒரே தவறா?

அன்று அந்தப் பிள்ளையை எழுப்பி, காய்களைப் பொறுக்கச் சொன்னேன். வேதாகமக் கல்லூரி விடுதியில் நானும் இந்த ஆட்டத்தைக் கற்று, ஒரு பருவம் முழுவதும் ஓர் ஆட்டமும் வெல்லாமல் இருந்தவன்தான். "கடைசி ஆட்டத்தை நினைவிலிருந்து ஆடிக்காட்டு" என்றேன். தயங்கித் தயங்கி ஆடிக்காட்டினான். எதிராளியின் குதிரை தாவக்கூடிய கட்டத்தில் தன் ராணியைக் கொண்டுபோய் வைத்திருந்தான். அதற்கு முந்தைய ஆட்டத்தில் யானையை அவ்வாறே இழந்திருந்தான். எதிராளி ஏன் அந்தக் காயை நகர்த்தினான் என்று பாராமலே தன் காயை நகர்த்துவது அவன் வழக்கம். "தம்பி, நீ ஆறு தவறு செய்யவில்லை. ஒரே தவறை ஆறு முறை செய்திருக்கிறாய். ஒன்றைத் திருத்தினால் போதும்" என்றேன். அவன் முகம் மாறிற்று.

புதிதாய்க் கற்கும் பிள்ளைகளுக்கும், பெரியவர்களுக்கும் சில ஆலோசனைகள்:

1. தோற்றவுடன் பலகையை மூடாதீர்கள். எந்த நகர்த்தலில் ஆட்டம் கைவிட்டுப் போயிற்று என்று ஐந்து நிமிடம் தேடுங்கள். எதிராளியையே கேளுங்கள், வென்றவர் பெரும்பாலும் மகிழ்ந்து சொல்லிக்கொடுப்பார்.

2. நகர்த்தல்களை ஒரு நோட்டில் எழுதும் பழக்கம் கொள்ளுங்கள். எழுதாத தோல்வி மனதில் வலியாக மட்டும் தங்கும். எழுதிய தோல்வி பாடமாகும்.

3. காயைத் தொடுமுன் கேளுங்கள்: எதிராளி எதைத் தாக்குகிறார்? நான் வைக்கப்போகும் காயை எது வெட்டும்? என் ராஜாவுக்குப் பாதுகாப்பு உண்டா?

4. பலசாலிகளோடு மட்டுமே ஆடினால் மனம் சோரும். பலவீனரோடு மட்டுமே ஆடினால் கர்வம் வளரும். இருவரோடும் ஆடுங்கள்.

5. கைப்பேசியில் ஆடுகிறவர்கள், தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு நிறுத்துங்கள். இழந்ததை உடனே மீட்கவேண்டும் என்று நள்ளிரவுவரை ஆடுவதே சூதாடியின் குணம். அங்கேதான் ஆபத்து நுழைகிறது.

தகப்பனாரிடம் ஒரு கேள்வி

விடைபெறுமுன் தகப்பனாரிடம் கேட்டேன்: "ஐயா, தொழிற்சாலையில் முதல் மாதம் நீங்கள் செய்தவற்றில் எத்தனை கழித்துத் தள்ளப்பட்டன?"

அவர் சிரித்துவிட்டார். "கணக்கே இல்லை, பாஸ்டர்."

"அப்போது மேற்பார்வையாளர் உங்களை மலைக்கே திரும்பிப் போகச் சொன்னாரா?"

சிறிது நேரம் மௌனமாயிருந்தார். "இல்லை. பக்கத்தில் நின்று மறுபடியும் செய்துகாட்டினார்" என்றார். பின்பு எழுந்துபோய், மகனுக்கு எதிரே பலகையின் முன் அமர்ந்தார். "எனக்கு ஆடத் தெரியாது. சொல்லிக்கொடு" என்றார்.

அன்று அவர் மகனிடம் மூன்று ஆட்டங்கள் தோற்றாராம். மகன் இன்னும் எந்தப் போட்டியிலும் பரிசு வாங்கவில்லை. அடுத்த போட்டியில் ஆறில் ஒன்றை வென்று, ஒன்றைச் சமன் செய்தான். நோட்டில் நான்கு தோல்விகளை எழுதிக்கொண்டு வந்தான்.

அன்பான பெற்றோரே, போட்டியிலிருந்து பிள்ளை வீடு திரும்பும்போது, "ஜெயித்தாயா?" என்று வாசலிலேயே கேட்காதீர்கள். முதலில் சாப்பாடு போடுங்கள். பின்பு, "எங்கே, ஒரு ஆட்டத்தை எனக்குக் காட்டு" என்று கேளுங்கள்.