இன்வெர்ட்டர் எத்தனை ராத்திரிக்கு?

ஐப்பசி பிறந்தால் போதும், பழைய சகாக்கள் போனில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, எந்த இன்வெர்ட்டர் நல்லது?" துறைமுகத்தில் மின்பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் கம்பெனி பெயர் சொல்வதில்லை. "எத்தனை ராத்திரிக்கு வேண்டும்? எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன்.

நம்மில் பலர் இன்வெர்ட்டர் வாங்கியது 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில். ஐந்து அலகு, 1,050 மெகாவாட் அனல்மின் நிலையத்தை ஊரிலேயே வைத்துக்கொண்டு விசிறி மட்டையோடு உட்கார்ந்திருந்தோம். அன்றைய மின்வெட்டு விட்டு விட்டு வந்தது. கரண்ட் போகும், சில மணி நேரத்தில் வரும், பேட்டரி மறுபடி சார்ஜ் ஏறிக்கொள்ளும். அந்தக் கணக்கில் வாங்கி, மாடிப்படிக்கு அடியில் தரையில் வைத்தோம்.

2023 டிசம்பர் 17, 18 அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்றுபோனது. எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. படிக்கு அடியில் இருந்த பேட்டரிகள் முதல் ராத்திரியே தண்ணீருக்குள் போய்விட்டன. பக்கத்து வீட்டு அக்காவின் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். இரண்டு நாள் அம்மாவின் குரல் கேட்காமல் அவன் தவித்த தவிப்பு சொல்லி முடியாது. கடைசியில் அக்காவின் போனுக்கு உயிர் கொடுத்தது என் டிரில்லிங் மெஷினின் பேட்டரி. அதில் மாட்டும் யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. 18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று, மூன்று தடவையாவது போனை நிரப்பும்.

ஆகவே என் முதல் கருத்து: பெரிதாக வாங்குவதைவிட உயரத்தில் வைப்பது முக்கியம். 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைப் பரணில் ஏற்றக்கூடாது. மாடி அறை இருந்தால் அங்கே, இல்லையென்றால் இடுப்பளவு உயரத்தில் கனமான இரும்பு ஸ்டாண்டு. காற்றோட்டமும் வேண்டும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். நம்ம ஊர் உப்புக்காற்றில் டெர்மினல் சீக்கிரம் பூத்துவிடும். துடைத்து வாசலின் தடவி வையுங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தையும் பாருங்கள்.

இரண்டாவது, பழைய ஃபேனை மாற்றுங்கள். அந்த பேட்டரியிலிருந்து சுமார் 1,300 வாட் ஹவர் கைக்கு வரும். பழைய ஃபேன் 75 வாட் தின்னும், பி.எல்.டி.சி. ஃபேன் ஏறத்தாழ 30 வாட். அந்த ஃபேன் ஒன்று, 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று, இன்வெர்ட்டர் தானே தின்னும் மின்சாரம் எல்லாம் சேர்த்தாலும் ராத்திரி எட்டு மணி நேரம் என்று மூன்று ராத்திரி ஓட்டலாம். பகலில் இன்வெர்ட்டரையே அணைத்துவிட வேண்டும். வீடு முழுக்க வெளிச்சம் போட்டு, டிவியும் பார்த்தால் முதல் ராத்திரியோடு சரி.

மூன்றாவது, தண்ணீர் மோட்டாரை இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. சிவப்பு எச்சரிக்கை என்று செய்தியில் வந்ததும் மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். வெள்ளத்தின்போது வெளிச்சத்தைவிடத் தண்ணீருக்குத்தான் அதிகம் அலைந்தோம்.

தோட்ட வேலைக்கு வருவோம். முருங்கைக் கிளை ஒடிந்து விழுந்தால் வெட்டவும், புல் அறுக்கவும் எழுபது வயதில் பெட்ரோல் இயந்திரத்தின் கயிற்றை இழுத்துத் தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஈர மண்ணில் கரண்ட் வயரை இழுத்துக்கொண்டு போவது அதைவிட ஆபத்து. பேட்டரிக் கருவிதான் நமக்குச் சரி. ஆனால் டிரில், ரம்பம், புல்வெட்டி எல்லாம் ஒரே கம்பெனியில், ஒரே பேட்டரி மாட்டுகிற மாதிரி வாங்குங்கள். ஒன்றின் பேட்டரி மற்றதற்குச் சேராது. 20 வோல்ட் மேக்ஸ் என்று போட்டிருப்பதும் 18 வோல்ட்தான், அதற்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக சோலார். 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல விஷயம், பில் குறையும். ஆனால் பேட்டரி இல்லாத சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கூரை முழுக்கப் பேனல் இருந்தும் இருட்டில் உட்கார நேரும். விற்க வருகிறவர் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். "அப்பா, பெரிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பணம் அனுப்புகிறேன்" என்பார்கள். பணம் அனுப்பட்டும், தப்பில்லை. அவர்களுக்கு வேண்டியது மூன்றாம் நாளும் நாம் போனை எடுப்பது. அதற்கு ஏற்றபடி வாங்குங்கள்.