லயத்து வீட்டுச் சாவியைக் கொடுத்த பிறகு?

சென்ற மாதம் நம் ஆபீசுக்கு ஒரு பெரியவர் வந்தார். 38 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். கையில் ஒரு கடிதம். "தம்பி, இதிலே என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். வயது அறுபது நிறைந்துவிட்டபடியால் ஓய்வு கொடுக்கப்படுகிறது, மூன்று மாதத்திற்குள் லயத்து வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நாம் அதைப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கடிதத்தை அடித்ததே நம் கைதான்.

"எங்கே மாமா போகப் போறீங்க?" என்று கேட்டோம்.

"மகன் ரவாங்கிலே இருக்கான். மக ஜொகூர் பாருலே. ஊர்லே அண்ணன் மகன் இருக்கான்" என்றார். மூன்று இடம் சொன்னார். போகிற இடம் எது என்று சொல்லவில்லை. தம்முடைய நிரையில் எந்த மரம் எத்தனை மங்கு பால் கொடுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர் அவர்!

தோழர்களே, இது அந்த ஒரு பெரியவரின் கதையா? நம் தோட்டங்களில் ஐம்பதைத் தாண்டிய எவரையும் கேட்டுப் பாருங்கள். சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். பிள்ளையின் கல்யாணக் கடன் எவ்வளவு என்று தெரியும். எங்கே போய் இருப்பது என்று மட்டும் தெரியாது. "அப்போ பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த 'அப்போ' வருகிறபோது கையில் இருப்பது மூன்று மாதம்!

லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் அந்த வீட்டின் தரத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேசுகிறது. வேலை முடிந்தவனுக்கு அந்த வீட்டில் உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. முன்பு 55 வயதில் ஓய்வு கொடுப்பது வழக்கமாயிருந்தது. 2013 ஜூலை முதல் தேதியிலிருந்து, 60 வயதுக்கு முன் ஓய்வு கொடுக்கக் கூடாதென்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டு கூடுதலாகக் கிடைத்ததே, அந்த ஐந்தாண்டில் எத்தனை பேர் வீடு தேடினோம்? கிராணிமாரும் இதைப் படித்துவிட்டு 'வெட்டுக்காரர் சமாச்சாரம்' என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். நம் குவார்ட்டர்சில் அறைகள் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கலாம். சாவி தொங்குவது அதே ஆபீஸ் பலகையில்தான்.

முதலில் ஊர் என்கிற ஆசையை எடுத்துக்கொள்வோம். திருச்சி, தஞ்சை, சேலம் என்று பாட்டன் வாயால் கேட்ட பெயர்கள் நம்மை இன்னமும் இழுக்கத்தான் செய்கின்றன. அதைக் கேலி செய்ய நமக்கு மனமில்லை. ஆனால் போனவர்களின் கதையையும் கேட்க வேண்டுமல்லவா? 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், பிரஜாவுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டுமென்றாகி, 1969-லிருந்து ஆயிரக்கணக்கானோர் தோட்டத்தை விட்டுக் கப்பலேறினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இங்கே இருந்தவரை 'ஊர்க்காரன்', அங்கே போனதும் 'மலாயாக்காரன்'. அந்தக் கப்பல்களும் இன்றில்லை. நாகப்பட்டினம் போய்வந்த 'சிதம்பரம்' 1985-இல் தீப்பற்றியதோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது.

இன்று போக நினைப்பவருக்கு இன்னொரு சிக்கல். நாம் இந்நாட்டுப் பிரஜைகள். இந்நாடு இரட்டைப் பிரஜாவுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. நாம் இந்தியாவில் அந்நியர். இந்திய வம்சாவளியினருக்கான அட்டையை வாங்கி அங்கே காலமெல்லாம் தங்கலாம். ஆனால் அந்த அட்டைக்காரருக்கும் விவசாய நிலம் வாங்க உரிமையில்லை. ஆகவே என்ன நடக்கிறது? அண்ணன் பெயரில், மைத்துனன் பெயரில் நிலம் வாங்குகிறார்கள். பத்தாண்டுகள் ஓவர்டைம் செய்து அனுப்பிய பணம் ஒருவர் பெயரில் பத்திரமாகிறது. அண்ணன் இருக்கும்வரை அது நம் நிலம். அண்ணன் கண்ணை மூடியதும் அது அவர் பிள்ளைகளின் நிலம். கோர்ட்டுக்குப் போவதா, உறவைக் காப்பதா என்று தவித்தவர்களை நாம் நேரில் கண்டிருக்கிறோம். ஊருக்குப் போங்கள், குலதெய்வத்தைக் கும்பிடுங்கள், ஒரு மாதம் தங்கி வாருங்கள். சேமநிதியை மட்டும் இங்கே வைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது மகன் வீடு. இதைப் பற்றி எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்வதாக நினைப்பார்கள். பிள்ளைகள் நல்லவர்கள்தாம். வீடுதான் சிறியது. மின்தூக்கியில்லாத அடுக்குமாடியில் ஐந்தாம் மாடி என்றால், முட்டிவலிக்காரர் இறங்குவது வாரத்துக்கு ஒரு தரம். காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு நின்று, வெளிக்காட்டில் காலாற நடந்த உடம்பு, நாலு சுவருக்குள் என்ன செய்யும்? இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. தகப்பன் மகனிடம், தாய் மகளிடம் என்று இருவரையும் பங்கு போட்டுக்கொள்வது. அந்த அம்மாளும் 30 ஆண்டுகள் பால்வாளி தூக்கியவள். அவள் பெயரிலும் சேமநிதி இருக்கிறது. எங்கே போவதென்று முடிவு செய்கிறபோது அவளை ஒரு வார்த்தை கேட்டவர் எத்தனை பேர்? மானத்தோடு சொல்லுங்கள்!

நம் அபிப்பிராயம் இதுதான். தோட்டத்திலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய சிறு பட்டணமே நமக்கேற்ற இடம். தெலுக் இந்தான், கூலிம், குளுவாங், சிகாமட் போன்ற ஊர்களைச் சொல்கிறோம். அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. கிளினிக்கில் பிரஜைகளுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. கோயில் உண்டு, தமிழ்ப் பள்ளி உண்டு. ஒரு துக்கமென்றால் தோட்டத்து ஜனங்கள் அன்று மாலையே வந்து சேரலாம். கோலாலம்பூரில் கிடைக்காத இது ஒன்றுக்காகவே நாம் சிறு பட்டணத்தைத் தேர்ந்தெடுப்போம்.

ஆனால் இதை 60 வயதில் தொடங்க முடியாது. அந்த வயதில் எந்த பேங்க் கடன் கொடுக்கும்? 40, 45 வயதில் தொடங்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குட்பட்டவரின் சேமநிதி மூன்று கணக்காகப் பிரிகிறது. புதிதாகச் சேரும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 விழுக்காடு நினைத்தபோது எடுக்கும் கணக்குக்கும் போகிறது. வீடு வாங்க எடுக்க வேண்டியது அந்தப் பதினைந்திலிருந்து. நினைத்தபோது எடுக்கும் பத்து, பெரும்பாலும் கைபேசியாகவும் மோட்டார் சைக்கிள் தவணையாகவும் மாறிவிடுவதை ஆபீஸ் ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிறோம்.

வீடு பார்க்கப் போகிறவர் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வெள்ளம் ஏறுகிறதா என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், தரகர் சொல்ல மாட்டார். பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

தனியாக முடியாதவர்கள் சேர்ந்து முயன்றால் என்ன? வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் தாத்தாமார் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டத்தையே வாங்கினார்கள். ஒரு தோட்டத்தை வாங்கிய ஜனங்களின் பேரப்பிள்ளைகளால் ஒரு வரிசை வீட்டை வாங்க முடியாதா? ஆனால் சேர்ந்து போவது மட்டும் போதாது. புத்ராஜெயா எழும்பியபோது பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டத்து ஜனங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு ஒன்றாகத்தான் போனார்கள். பிறகு அந்தச் சுவர்களில் விரிசல் கண்டதும், அவர்கள் தரைவீடு கேட்டுப் பல்லாண்டு அலைந்ததும் பத்திரிகைகளில் படித்தோம். என்ன வீடு, எந்த இடம், யார் பெயரில், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் வாங்காமல் எவரும் லயத்தைவிட்டு இறங்கக் கூடாது.

இதில் சங்கத்தின் மேலும் குறையுண்டு. நாமும் சங்கத்துக்காரர் என்பதால் சொல்கிறோம். கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்துக்காக இரவெல்லாம் விவாதிக்கிறோம். வீட்டுரிமை கடைசிப் பக்கத்தில் வருகிறது, எல்லாரும் களைத்த பிறகு.

அந்தப் பெரியவருக்கு மேலும் மூன்று மாதம் அவகாசம் கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவரும் அவர் சம்சாரமும் பட்டணத்தில் இரண்டு வாடகை வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர் முதல் வீட்டைச் சொன்னார். அந்த அம்மாள் இரண்டாவதைச் சொன்னார். அங்கிருந்து கிளினிக்குக்கு நடந்தே போகலாமாம். இரண்டாவதற்குத்தான் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள்.

வரும் மாதக் கிளைக் கூட்டத்தில் இந்த விஷயம் பேசப்படும். 45 வயதைத் தாண்டியவர்கள் சேமநிதிக் கணக்கு அறிக்கையைக் கொண்டுவரட்டும். ஆண்கள் தனியாக வர வேண்டாம், மனைவியையும் அழைத்து வாருங்கள். தேநீர்ச் செலவு கிளையினுடையது.