நாய்க்கு எந்தச் சீப்பு?

"நாட்டில் எத்தனையோ பிரச்னைகள் இருக்க, நாய்க்குச் சீப்பு வாங்குவதைப் பற்றியா மன்ற மலரில் எழுதுவது?" என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நகைத்து முடித்த பின், நகரியிலோ, புத்தூரிலோ, திருப்பதியின் மாடி வீடு ஒன்றிலோ கட்டிப் போடப்பட்டிருக்கும் ஓர் அல்சேஷன் நாயின் அருகில் சென்று, அதன் முதுகு மயிரை விரலால் விலக்கிப் பார்க்கட்டும். தோலில் சிவந்த கீறல்கள் தென்பட்டால், அவை எவருடைய கைவண்ணம் என்று எண்ணிப் பார்க்கட்டும். பகைவன் கீறியதாக இராது. அந்த நாயை ஆசையோடு வளர்ப்பவரே, "மயிர் கொட்டுகிறதே!" என்ற கவலையில், பளபளக்கும் கருவி ஒன்றை விலைகொடுத்து வாங்கி, வாரித் தள்ளியதன் விளைவாகவே பெரும்பாலும் இருக்கும்.

நகரி தறி ஓடும் ஊர். விசைத்தறி உள்ள வீட்டில் முன்கூடம் தறிக்கு, பின்கூடம் குடும்பத்துக்கு. இவ்விரண்டுக்கும் நடுவில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய நாய்க்கும் ஓர் இடம். அதன் மயிர் காற்றில் பறந்து பாவில் ஒட்டும். நெய்த துணியில் சேரும். சோற்றுத் தட்டிலும் விழும். முதலில் வசவு. பிறகு வன்மையான சீப்பு. பிறகு மொட்டையடிக்கும் இயந்திரம். அதற்கும் அடங்காவிட்டால், இருட்டிய பின் ஏதோ ஒரு சாலையோரத்தில் இறக்கிவிட்டு வருவது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதை எத்தனை பேர் அறிவர்? சட்டம் கிடக்கட்டும். உதிர்ந்த மயிரில் தொடங்கும் சலிப்பு ஓர் உயிரைத் தெருவில் விடும் வரை போகிறது என்றால், அந்த மயிரை எப்படி வாருவது என்பது பேசத் தகுந்த பொருள்தானே?

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. எங்களிடம் இருந்தது ஒரு லேப்ரடார். கைபேசியில் விளம்பரம் பார்த்து அப்பா ஒரு கருவியை வரவழைத்தார். இரும்புத் தகடு, அதன் ஓரத்தில் நெருக்கமான கூர்ப்பற்கள். முதல் நாள் தலையணை ஒன்றை நிரப்பும் அளவுக்கு மயிர் வந்தது. வீடே மகிழ்ந்தது. வரவர ஆசை கூடியது; "இன்னும் வருகிறது, இன்னும் வருகிறது" என்று தினமும் இழுத்தோம். மூன்றாவது வாரத்தில், அந்தக் கருவியை எடுக்கும் ஓசை கேட்டாலே நாய் கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கிற்று. அடிவயிற்றில் பொருக்குத் தட்டியிருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. "இதை உள்ளே வைத்துவிடுங்கள், ஒரு ரப்பர்த் தூரிகை வாங்குங்கள்" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட அப்பாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிழை எங்கே? குவியலைக் கண்டு மயங்கியதில்தான். விளம்பரக்காரர் நாயின் பக்கத்தில் மலைபோல் மயிரைக் குவித்துப் படமெடுத்துக் காட்டுகிறார். நாமும், எது அதிகம் பிடுங்குகிறதோ அதுவே நல்ல கருவி என்று முடிவு கட்டிவிடுகிறோம். உதிரத் தயாராகிவிட்ட மயிரும் அந்தக் குவியலில் இருக்கும். உதிர வேண்டாத மயிர் அறுபட்டதும் அதில் இருக்கும். குவியலைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

லேப்ரடார், அல்சேஷன், பொமரேனியன் போன்ற நாய்களுக்கு மயிர் இரண்டு அடுக்கு. மேலே சற்று நீண்டு விறைத்த காப்பு மயிர். அதனடியில் பஞ்சுபோல் மெல்லிய உள்மயிர். வெயிலையும் மழையையும் மேலடுக்கு தடுக்கும். உடல் வெப்பநிலையைக் காக்க உள்ளடுக்கு உதவும். ஒவ்வொரு மயிரும் வளர்ந்து, ஓய்ந்து, உதிர்ந்து, புதியதற்கு இடம் விடும். பகற்பொழுதின் நீளமும் தட்பவெப்பமும் மாறும்போது உள்மயிர் கூட்டமாக உதிர்வது இயற்கை. இரவெல்லாம் விளக்கெரியும் வீட்டுக்குள் வாழும் நாய்க்கு அந்தப் பருவக்கணக்கு குழம்பி, ஆண்டு முழுதும் சிறிது சிறிதாகக் கொட்டுவதும் உண்டு. எந்தச் சீப்பும் இதை நிறுத்தாது. தரையில் விழப்போவதை முன்னதாகவே நம் கையில் வாங்கிக்கொள்வது மட்டுமே சீப்பு செய்யக்கூடிய வேலை.

மயிருக்கு அடியில் இருப்பது தோல். மனிதத் தோலின் மேற்படலத்தில் உயிரணுக்கள் 10 முதல் 15 அடுக்கு என்பார்கள். நாய்க்கோ 3 முதல் 5 அடுக்குத்தான். மயிர் அடர்ந்திருப்பதைக் கண்டு தோலும் தடிப்பு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை நேர்மாறு. கூர்ப்பல் கொண்ட தகட்டை ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி இழுத்தால், காப்பு மயிர் நுனி அறுபடும். தோல் கன்றிச் சிவக்கும். தேர்ந்த கையில், தகுந்த நாய்க்கு, இலேசாக நாலு இழுப்போடு நிறுத்தினால் அக்கருவியும் பயன்படும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது வீட்டுக்கு முதன்முதல் வாங்க வேண்டிய பொருளன்று.

இதை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை. நூலின் நம்பருக்கு ஏற்ப அச்சு பூட்டாமல், கனத்த நூலை நெருக்கமான அச்சில் இழுத்தால் என்ன ஆகும்? இழை உராயும், பிசிறும், அறும். அங்கே தறியைக் குறை சொல்லுவார் உண்டோ? பொருந்தாத அச்சைப் பூட்டியவரைத்தான் சொல்லுவர். நாயின் மயிரும் அப்படித்தான். முதலில் மயிரைப் பார்க்க வேண்டும். பிறகு பல்லைத் தேர வேண்டும்.

லேப்ரடாரின் மயிர் குட்டை, அடர்த்தி. முனை மழுங்கிய ரப்பர்த் தூரிகையோ, ரப்பர் மொட்டுகள் வைத்த கையுறையோ போதும். வட்டமாகத் தேய்த்து மயிரைத் தளர்த்தி, பிறகு மயிர் படிந்த வாக்கில் நீவி எடுத்துவிடலாம். அல்சேஷனுக்கு உள்மயிர் மிகுதி. அதற்கு அகன்ற பற்களுள்ள சீப்பு வேண்டும். பல்லின் நுனி உருண்டிருக்க வேண்டும். சிக்கில் மாட்டினால் பல் தானே சுழன்று கொடுக்கும் வகையும் கிடைக்கிறது, அது நலம். பொமரேனியன் என்று நம் ஊரில் விற்கப்படும் வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வகை. பெயர் எதுவானாலும் அதன் நீண்ட மயிருக்கு இடைவெளி விட்ட ஊசிமுனைத் தூரிகையும் ஒரு சாதாரண அகலப்பல் சீப்பும் தேவை. அந்த ஊசிகளின் நுனியில் குமிழ் இருந்தாலும் உதிர்ந்துபோகக்கூடும். உதிர்ந்த இடம் முள்ளாகக் குத்தும். நம் இராசபாளையமோ (2005இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நாய் அது), சிப்பிப்பாறையோ வீட்டில் இருந்தால் இத்தனை ஆராய்ச்சி வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை ரப்பர்க் கையுறையால் தடவினால் தீர்ந்தது. மெல்லிய அத்தோலில் இரும்பை வைப்பதே பாவம்.

எந்தக் கருவியானாலும் வாங்கும்முன் ஒரு சோதனை செய்யலாம். முழங்கையின் உட்புறத்தில், நாயை வாரும் அதே அழுத்தத்தோடு, பத்து முறை இழுத்துப் பாருங்கள். உங்கள் தோல் சிவந்தால், அதைவிட மெல்லிய தோலில் அது என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

வாரும் முறையைக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டுமா? வெள்ளிக்கிழமை காலையில் தாய்மார் மகளின் கூந்தலுக்குச் சிக்கெடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மயிரின் அடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மேலேறுவார்கள். வேர் இழுபடாது, பிள்ளை அழாது. நாய்க்கும் அதே வழி. காதின் பின்புறம், கால் இடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்களில்தான் சடைபிடிக்கும். அங்கே கத்தரிக்கோலை விடாதீர்கள்; சடையோடு தோலும் மடிந்து கத்தரிக்குள் வந்துவிடும். சடை எடுக்குமுன் குளிப்பாட்டவும் கூடாது. நனைந்து காய்ந்த சடை இன்னும் இறுகும். நாம் குளிக்கும் சோப்பும் அதற்கு ஒவ்வாது. நாய்த்தோலின் காரத்தன்மை வேறு, நம் தோலின் அமிலத்தன்மை வேறு.

நிதானமாக வாருகிற கை இன்னொரு வேலையையும் செய்கிறது. உண்ணியைக் கண்டுபிடிக்கிறது. நம் பகுதியில் நாய்களைக் கொல்லும் காய்ச்சல்களில் உண்ணிக்காய்ச்சலுக்குத் தனி இடம் உண்டு. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்கு எங்கிருந்தெல்லாமோ வருகிறார்களே, அங்கேயும் முதலில் முறிவைத் தேடுவது விரல்கள்தாமே? காதுமடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் உண்ணி, அவசரமாக இழுக்கும் இரும்புத் தகட்டுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த உள்மயிர் காயாமல் கிடந்து தோல் புண்ணாவதையும் விரல்தான் முதலில் காணும். ஓரிடத்தில் மட்டும் மயிர் கொட்டி வழுக்கை விழுந்தாலோ, ஓயாமல் சொறிந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, அது பருவ உதிர்வன்று. அப்போது தேவை சீப்பன்று, மருத்துவர்.

மொட்டையடிப்பதைப் பற்றி என் கருத்தைக் கடுமையாகவே சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயில் 40 பாகையைத் தாண்டும்போது, "பாவம், வேகிறதே" என்று இரக்கப்பட்டு நாயை மழித்துவிடுகிறார்கள். நாய் நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்துத்தான் பெரும்பாலும் சூட்டைத் தணிக்கிறது. ஈரடுக்கு மயிரை ஒட்ட மழித்தால் குளிர்ச்சி வருவதற்குப் பதில் வெயில் நேரே தோலில் விழும். ஸ்பிட்ஸ் போன்ற இனங்களில் மழித்த மயிர் மாதக்கணக்கில் முளைக்காமலே போவதும் உண்டு. நிழலும் நீரும், உதிர்ந்த உள்மயிரை வாரியெடுத்துக் காற்றுக்கு வழிவிடுவதும்தான் கோடைக்கு மருந்து.

நாய்மயிரைத் தொல்லையாக மட்டும் கருதாத மக்களும் உலகில் இருந்தனர். வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வாழும் சாலிஷ் பழங்குடியினர், கம்பளி மயிருக்கென்றே ஒரு நாயினத்தைப் பேணி, ஆட்டைப்போல் கத்தரித்து, நூற்று, போர்வை நெய்தனர். 1859இல் இறந்த அவ்வகை நாய் ஒன்றின் தோல் அமெரிக்க ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் இருக்கிறது. 2023இல் அறிஞர்கள் அதன் மரபணுவையே ஆராய்ந்தனர். நகரி நெசவாளருக்கு இதை நான் யோசனையாகக் கூறவில்லை, அடிக்க வந்துவிடுவார்கள்.

ஆனால் ஒரு யோசனை உண்டு. சைபீரியப் பனியில் வண்டியிழுக்க வளர்ந்த ஹஸ்கி நாயை, கல்நார்க் கூரையின் கீழ் வளர்க்க ஆசைப்படுகிறவருக்கு எந்தச் சீப்பையும் என்னால் பரிந்துரைக்க இயலாது. விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்ய வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதற்கு 2016இல் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. உள்நாட்டிலேயே பெருக்கி விற்போர்க்கு அதனால் என்ன குறை? வாங்குவோர் நின்றால்தான் விற்போர் நிற்பர். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களை ஏசிப் பயனில்லை. அவர்களுக்கு நல்ல சீப்பையும் நல்ல முறையையும் காட்டுவதே இப்போதைய வேலை.

அந்த வேலையை நம் மன்றம் செய்யலாம். 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் திருப்பதி. அங்கே பயிலும் நண்பர்கள் நமக்குண்டு. கோடை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்துக்கொண்டு நகரிக்குப் போவோம். தறிகள் நிற்கும் நேரமாகப் பார்த்து, ஏதாவது ஒரு பள்ளித் திண்ணையில் உட்காருவோம். நாயைக் கொண்டு வருகிறவர்கள் தங்கள் சீப்பையும் கொண்டு வரட்டும். முதலில் அதை எங்கள் கையில் இழுத்துப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறோம்.