சித்திரையை அளக்க ஹான்லே ஆடிகள்

பெங்களூரில் அடுகோடிக்குப் பக்கத்தில், கோரமங்கலாவில் இருக்கிறது இந்திய வானியற்பியல் நிறுவனம். காவலூர், ஹான்லே மலைகளின் இரவுகள் இந்த நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளவை. அந்த இரவுகளில் சிலவற்றை விண்மீன்களின் கோண விட்டத்தை அளப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்பதே இந்த இதழில் நாம் வைக்கும் கோரிக்கை.

முதலில் அளக்கப்பட்ட விண்மீன் நம் திருவாதிரை. 1920 டிசம்பரில் மைக்கல்சனும் பீசும் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் 20 அடி உத்தரத்தைப் பொருத்தி, 0.047 வில்நொடி என்று கண்டார்கள். இரு ஒளிக்கற்றைகளை ஒன்றுசேர்க்கும் அந்த வழியில் அவற்றின் பாதை வேறுபாட்டை அலைநீளத்தின் ஒரு பகுதிக்குள் நிறுத்தியாக வேண்டும். 331 மீட்டர் அடிக்கோடு கொண்ட சாரா நிலையம் இன்று அதைச் செய்கிறது. ஆனால் செலவு பெரிது.

மற்றொரு வழியைத் திறந்தவர் 1916-இல் நீலகிரியின் அருவங்காட்டில் பிறந்த ராபர்ட் ஹான்பரி பிரவுன். வானியலாளர் வைணு பாப்புவுக்குப் பிறகு சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானவரும் இவரே. ஒளியலைகளை ஒன்றுசேர்க்காமல், இரு ஆடிகளில் விழும் ஒளிச்செறிவின் ஏற்ற இறக்கங்களை ஒப்பிட்டால் போதும் என்றார் அவர். 100 மெகாஹெர்ட்ஸ் பட்டையகலத்தில் பாதை சில சென்டிமீட்டர் தவறினாலும் அளவீடு கெடாது. காற்றின் கொந்தளிப்பும் பாதிக்காது. ஆஸ்திரேலியாவின் நராப்ரையில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் இரு பெரிய ஆடிகளை ஓட்டி, 32 விண்மீன்களை அவர் குழு அளந்தது. அவற்றுள் நம் சித்திரையும் உண்டு: விட்டம் 0.90 மில்லி வில்நொடி, தொலைவு 84 பார்செக்.

அதே முறை, காமாக் கதிர்களை நோக்கும் செரன்கோவ் தொலைநோக்கிகளில் உயிர்பெற்றிருக்கிறது. 2020-இல் அமெரிக்காவின் வெரிடாஸ் குழு இரு விண்மீன்களின் விட்டத்தை வெளியிட்டது. ஹான்லேயில் நமக்கு ஹகார் என்ற செரன்கோவ் தொலைநோக்கித் தொகுதி இருக்கிறது: நடுவில் ஒன்று, அதைச் சுற்றி 50 மீட்டர் தள்ளி ஆறு, ஒவ்வொன்றிலும் 0.9 மீட்டர் ஆடிகள் ஏழு. சித்திரை அங்கே 46 பாகை வரை ஏறும். 420 நானோமீட்டரில் கணக்கிட்டுப் பாருங்கள். அதன் துணை விண்மீனை ஒதுக்கிவிட்டால், 50 மீட்டர் அடிக்கோட்டில் செறிவின் ஒட்டுறவு ஏறத்தாழப் பாதியாகிறது. 100 மீட்டரில் 2 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. இதற்கென்றே இடைவெளி விட்டு வைத்ததுபோல் இருக்கிறது! காமாக் கதிர் நோக்கலுக்கு ஆகாத நிலா வெளிச்ச இரவுகளையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

குறையையும் சொல்லியாக வேண்டும். ஒரு தொலைநோக்கியின் ஒளி சேர்க்கும் பரப்பு 4.5 சதுர மீட்டர்தான். நராப்ரை ஆடியில் ஏழில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அந்த ஆடிகளுக்கே 2.5 பொலிவெண்ணை விட மங்கியவை எட்டவில்லை. இங்கே இன்னும் பிரகாசமான சில நீல விண்மீன்களோடு தொடங்க வேண்டியிருக்கும். அளவு ஏற்கெனவே தெரிந்த சித்திரையே சோதனைக்கு ஏற்றது.

ஹகாரின் ஒளிப்பெருக்கிக் குழாய்களையும் ஆடிகளின் காலப் பரவலையும் அறிந்தவர்கள் நம் வாசகர்களிடையே இருக்கிறார்கள். சித்திரைக்கு எத்தனை மணி நேர நோக்கல் தேவைப்படும் என்ற கணக்கை எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அதற்கு முதலிடம் தருகிறோம்.