கவாத்து வெட்டும் கைக்கும் சான்று வேண்டும்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்துக்குப் பெயர் வந்துவிட்டது. அதை விளைய வைக்கும் தொழிலாளிக்கு இன்னமும் 'கூலியாள்' என்றுதான் பெயர்.

திராட்சை விளைச்சலைத் தீர்மானிப்பது கவாத்து. கொடியின் முதிர்ச்சியைப் பார்த்து, எத்தனை மொட்டு விட்டு வெட்டுவது என முடிவு செய்ய வேண்டும். தப்பாக வெட்டினால் கொடி தழைக்கும், குலை வராது. ஏறக்குறைய நான்கு மாத உழைப்பு வீண். இந்தக் கணக்கை யாரும் வகுப்பறையில் படிக்கவில்லை. பந்தலுக்கடியில் மூத்தவர்கள் வெட்டுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். அப்படிக் கற்றவர்களில் நிலமில்லாத தலித் மக்களும் உண்டு.

நிலம் உள்ளவருக்குக் காட்டப் பட்டா இருக்கிறது. அறிவு மட்டுமே உள்ளவர் எதைக் காட்டுவார்? நாலு பேரைச் சேர்த்துக் குழுவாக ஒப்பந்தம் எடுக்கவோ, வங்கிக் கடன் கேட்கவோ, கூலியைக் கூட்டிக் கேட்கவோ கையில் ஒரு காகிதம் வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. 2015-ல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே, வேலையில் கற்றதைச் சோதித்துச் சான்றளிக்கும் பிரிவு உண்டு. ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆதிதிராவிடர் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்கத் தாட்கோ இருக்கிறது. இவை சேர்ந்து தோட்டத்துக்கே வரட்டும். தேர்வு தாளில் வேண்டாம், கொடியில் நடக்கட்டும். அன்றைய கூலி தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும். கற்றுத்தரும் மூத்தவருக்குப் பயிற்றுநர் என்ற பெயரும் மதிப்பூதியமும் தர வேண்டும். மருந்து அடிப்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1953-ல் ராஜாஜி அரசு, பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. 'குலக்கல்வி' என்று தமிழகம் எதிர்த்தது. 1954-ல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அது கொல்லைப்புற வழியாகத் திரும்பி வர விடக்கூடாது. நாம் சான்று கேட்பது ஏற்கெனவே உழைக்கும் பெரியவர்களுக்கு. பிள்ளைகளின் இடம் பள்ளியும் கல்லூரியும்தான்.

படிவத்தில் 'பெற்றோர் தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதும் மாணவர்களே, உங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரிந்த வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளோடு அடுத்த கிராம சபைக்குப் போய், இதைத் தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள்.